‘அம்மம்மா பாய் விரிச்சுப் படுக்கிறா’: இணையத்தை வைத்துக் கவிதை படிப்பிக்கலாமா?

வாசகர் கேள்வி:

சேர், நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழ்த் தினப் போட்டியில் கவிதை ஆக்கத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் பொறுப்பை அதிபர் என்னிடம் தந்துவிட்டார். எனக்கே கவிதை எழுத வராது. யூடியூபில் கவிதை எழுதுவது எப்படி என்று சில வீடியோக்களைப் பார்த்து வகுப்பில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் நிலவையும் அம்மாவையும் பற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள், அதிலும் பாதிப் பேர் இணையத்திலிருந்து அப்படியே கொப்பி அடித்தது. இப்போது இரண்டு மூன்று பேர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வருகிறார்கள் என்றும் சந்தேகமாக இருக்கிறது. ஒரு பையன் மட்டும் ‘யானை வந்து போன பிறகு / நெல் மூட்டை இருந்த இடத்தில / அம்மம்மா பாய் விரிச்சுப் படுக்கிறா’ என்று மூன்று வரி எழுதித் தந்தான். கவிதை மாதிரி இல்லாததால் பேச்சுத் தமிழைத் திருத்தி, இன்னும் உவமை சேர்த்து எழுதச் சொல்லிக் கொடுத்தேன். பாடசாலையில் ஒரு புரொஜெக்டரும் என்னுடைய போனும்தான் இருக்கிறது. நல்ல தளங்கள், செயலிகள் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளின் கவிதைகளை முகநூலில் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்பின் டீச்சர்,

தளங்களின் பெயர் கேட்டிருக்கிறீர்கள், வரிசையாக வருகிறேன். ஆனால் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்த எனக்கு அந்த மூன்று வரி வந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பவும் அதைத்தான் படித்தேன். நான் சேவைக்கால ஆலோசகராக இருந்த காலத்தில் வலய மட்டம், மாகாண மட்டம் என்று எத்தனையோ கட்டுக் கவிதைத்தாள்களுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். ‘மீன் பாடும் தேன் நாட்டில் பிறந்தோம்’ என்று தொடங்கிய தாள்களுக்குக் கணக்கே இல்லை. இப்படி மூன்று வரி கையில் கிடைத்தது மிகக் குறைவு.

என்ன இருக்கிறது அதில்? யானை சுவரை உடைத்ததைச் சொல்லவில்லை. நெல்லைத் தின்றதைச் சொல்லவில்லை, பயந்ததையும் அழுததையும் சொல்லவில்லை. மூட்டை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, அங்கே அம்மம்மா படுக்கிறா, அவ்வளவுதான். ஏன் அங்கே படுக்கிறா? காவலுக்கா, இடம் கிடைத்ததே என்றா, சுவர் இல்லாத மற்றப் பக்கத்தில் படுக்கப் பயந்தா? பையன் சொல்லவில்லை, நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதில் உவமை சேர்க்கச் சொன்னால் ‘மலை போல் யானை வந்ததே’ என்று எழுதி வருவான், கவிதை அந்த இடத்திலேயே செத்துப் போகும். கோபிக்க வேண்டாம். நானும் இந்த வேலை செய்திருக்கிறேன், சிவப்புப் பேனை கையில் இருந்தால் யாருக்கும் கை சும்மா இராது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் இணையத்தை முதலில் திறந்தீர்கள், பிறகு எழுதச் சொன்னீர்கள். வீடியோவில் நிலவு வந்தால் கொப்பியிலும் நிலவுதான் வரும், பிள்ளைகளில் பிழையில்லை. வரிசையை மாற்றிப் போடுங்கள். முதல் எழுத்து போன் இல்லாமல், கொப்பியில், பிள்ளை கண்ட ஒன்றை வைத்து. அதன் பிறகுதான் இணையம், அதுவும் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு: ஒரு சொல்லைத் தேட, ஒரு நல்ல கவிதையைப் படிக்க, ஓசையைப் பார்க்க, பிழை பார்க்க. போட்டி மண்டபத்தில் தலைப்பை அங்கேயே வைத்துத் தருவார்கள், போனும் இராது, டேட்டாவும் இராது. வெறுந்தாளைப் பார்த்துப் பழகாத பிள்ளை அங்கே பேனையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்த முதல் எழுத்துக்குத் தலைப்புக் கொடுக்காமல் கேள்வி கொடுத்துப் பாருங்கள். நேற்று உங்கள் வீட்டில் இடம் மாறிய ஒரு பொருள் என்ன? உங்கள் வளவில் யாருமே உட்காராத இடம் எது? கச்சான் காற்று அடிக்கிற நேரம் வீட்டில் முதலில் சத்தம் போடுவது எது? மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போதும். கூடாது என்றால் பிள்ளைகள் எழுதுவார்கள், அது வாத்திமாருக்கெல்லாம் தெரிந்த இரகசியம்.

சரி, இப்போது இணையத்துக்கு வருவோம்.

வாசிப்புக்கு உங்களுக்கு வேண்டிய முதல் தளம் நூலகம். 2005இல் தொடங்கிய இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். கவிதை படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய பத்தாயம் வேறு இல்லை என்பது என் எண்ணம். வியப்பு என்னவென்றால் போட்டித் தலைப்புகளைத் தேடி முகநூலை மேய்கிற ஆசிரியர்கள் பலர் இதைத் திறந்தே பார்த்ததில்லை. எழுத்தாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். யாருடைய பெயரை என்றால், நம்முடைய பக்கத்து ஆட்களுடையதிலிருந்து தொடங்குங்கள்: காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், மண்டூர்ப் புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை, பெரியநீலாவணையின் நீலாவணன் (அவரும் உங்களையும் என்னையும் போல வாத்தியார்தான்), பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், கல்முனையின் நுஃமான், சோலைக்கிளி, சாய்ந்தமருதின் அனார். தேடினால் எல்லாமே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், கிடைப்பதே ஒரு வருடத்துக்குப் போதும். பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தவர்கள் கவிதை எழுதியிருக்கிறார்கள், சிலர் இப்போதும் எழுதுகிறார்கள் என்பது தரம் 8 பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கவிதை என்பது சென்னையிலிருந்து வருகிற சாமான் என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

முழுப் புத்தகத்தையும் வகுப்பில் ஓட விடாதீர்கள். இரவு டேட்டா இருக்கிற நேரத்தில் வீட்டிலிருந்தே கோப்பை இறக்கி, ஒரே ஒரு பக்கத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் புரொஜெக்டரில் அந்த ஒரு பக்கம், மின்சாரம் போனால் போட்டோகொப்பி. படித்துக் காட்டிய கையோடு கருத்து என்ன, அணி என்ன என்று கேட்க வேண்டாம். எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்தக் கவிதை விழுந்துவிடும் என்று கேளுங்கள். 40 நிமிடப் பாடவேளை சண்டையிலேயே முடிந்துவிடும், நல்ல சண்டை.

பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 பொங்கலுக்குத் தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து ஏற்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் உண்டு. இரண்டையும் நீங்கள் வாசியுங்கள், தரம் 8க்கு நேரே காட்டத் தேவையில்லை. நூலகத்தில் பெரும்பாலும் பக்கங்களின் படம்தான், மதுரைத் திட்டத்தில் எழுத்துகளாகவே இருக்கும், வெட்டி எடுத்துப் பெரிதாக்கி அச்சடிக்கச் சுகம்.

இனி அகராதி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இணையம் கவிதைக்கு உண்மையில் உதவுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், முன்பெல்லாம் பெரிய நூலகங்களில் மட்டும் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. இப்போது சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் போனிலேயே தேடலாம், காசு கிடையாது. இதைத் திறந்து கடினச் சொல் பொறுக்கப் போகாதீர்கள். அந்த வேலையால்தான் போட்டித்தாள்களில் ‘மதியம்’, ‘புரவி’, ‘நறுமலர்’ எல்லாம் கூட்டமாக வந்து நிற்கின்றன. மறுபக்கமாகப் போங்கள். பிள்ளையின் வீட்டில் புழங்குகிற சொல் ஒன்றை எடுத்து அகராதியில் தேடச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் சொல்கிறேன். நம்முடைய வட்டைகளில் (வயல்வெளிகளில்) சூடு மிதிக்கிற, அதாவது கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கிற காலத்தில் களத்துக்குள் போனால் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். மெஷின் வந்த பிறகு இந்த வழக்கம் குறைந்துவிட்டது, ஆனால் உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் அப்பப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இந்தப் பொலியைப் பேரகராதியில் போட்டால் பெருகுதல், விளங்குதல், களத்தில் தூற்றாமல் கிடக்கும் நெல் என்று பொருள்கள் அடுக்கடுக்காக வரும். அதோடு விடாமல் பேராசிரியர் பாண்டியராஜா உருவாக்கிய தமிழ் இலக்கியத் தொடரடைவுத் தளத்துக்கும் போங்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் சங்க இலக்கியத்தில் அது வரும் அடிகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். ‘பொலிந்த’, ‘பொலிக’ என்று வரிவரியாக வரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அப்பப்பா களத்தில் நின்று சொன்ன சொல், இரண்டாயிரம் வருடமாகப் பாட்டுக்குள் கிடந்த சொல். இதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை எழுத வெட்கப்படாது. வட்டை, வக்கடை, வாடி, பரண், போடியார், முல்லைக்காரன் என்று உங்கள் பக்கத்தில் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. ஒரு சொல் ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு தவணைக்குக் காணும். அகராதியில் இல்லாத சொல் வந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகளே பொருள் எழுதட்டும், பின்சுவரில் ஒட்டுங்கள்.

வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவு செய்துவரச் சொல்வதும் நல்ல வேலை. அம்மாவின் போனில் அம்மம்மாவின் தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, வயலில் பாடிய கவி, எதுவாக இருந்தாலும் இரண்டு நிமிடம். பாடுகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும், அதை ஒரு பாடமாகவே சொல்லிக் கொடுங்கள். ஒப்பாரி மட்டும் வேண்டாம் என்று சொல்வேன், பாடச் சொல்லிக் கேட்கிற பிள்ளைக்கும் பாடுகிறவருக்கும் அது விளையாட்டாக முடியாது, நம்முடைய ஊர்களில் எந்த வீட்டில் எந்த இழப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். நம் பக்கத்து நாட்டார் கவி ஒன்றில் வழுக்கைத் தலை மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பெண் சொல்வாள்: கச்சான் அடித்துப் போன பிறகு காட்டில் மரங்கள் நிற்கிற மாதிரியாம் அவனுடைய தலை. உவமை படிப்பிக்க இதைவிட என்ன வேண்டும்? கச்சானையும் அது அடித்துப் போன காட்டையும் கண்ட ஆள்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். ‘மலை போல்’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

யாப்புக்கு ஒரு கருவி இருக்கிறது, பெயர் அவலோகிதம், வினோத் ராஜன் என்பவர் செய்தது. செய்யுளைத் தட்டச்சுச் செய்து கொடுத்தால் அசை பிரித்து, சீருக்கு வாய்பாடு (தேமா, புளிமா மாதிரியான அளவுப் பெயர்) சொல்லி, தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேருகிற விதம்) பார்த்து, என்ன பா என்றும் சொல்லும். இதை நேராகப் பிள்ளைகளிடம் கொடுத்தால் புலிமா, புளிமா என்று குழம்பிப் போவார்கள். நான் ஒரு பட்டறையில் செய்து பார்த்த விளையாட்டைச் சொல்கிறேன். பஸ் கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுகிறமாதிரிக் கூவிக் கைதட்ட வேண்டும், அசைக்கு ஒரு தட்டு. மண்டூர், இரண்டு தட்டு. கல்முனை, இரண்டு தட்டு, ஆனால் இரண்டாவது தட்டில் இரண்டு எழுத்து ஓடிவந்து ஏறுகிறது. படுவான்கரை, மூன்று. எழுவான்கரையும் மூன்று, இரண்டுக்கும் வாய்பாடு புளிமாங்கனி, குறுமண்வெளியும் அதேதான். வாவியின் இரண்டு கரையும் அவற்றுக்கு நடுவே ஓடம் போகிற துறையும் ஒரே சீரில் நிற்கிறதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறபோது வகுப்பு எவ்வளவு சத்தம் போடும் என்று பாருங்கள். காத்தான்குடி, வெல்லாவெளி, சம்மாந்துறை ஒரு கூட்டம், தேமாங்கனி. செங்கலடி, தம்பிலுவில் இன்னொரு கூட்டம், கூவிளங்காய். அப்புறம் இதைச் சொல்லிப் பாருங்கள்:

மண்டூர் மருதமுனை கல்முனை பொத்துவில்

மாமுன் நிரை, காய்முன் நேர், விளமுன் நேர் என்று தளை தட்டாமல் ஓடுகிற வெண்பா அடி இது, மோனையும் இருக்கிறது, பஸ்ஸும் தெற்கே சரியாகத்தான் போகிறது. வெண்பா என்ற பெயரைச் சொல்லாமலே நாலு தரம் சொல்ல வையுங்கள், காது பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு புரொஜெக்டரில் அவலோகிதத்தைத் திறந்து அந்த அடியைப் போட்டுக் காட்டினால், தாங்கள் கைதட்டிப் பிரித்ததையே கருவியும் பிரிக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும். அந்த வரிசை முக்கியம், கை முதலில், கருவி பிறகு. குற்றியலுகரம் வருகிற இடங்களில் மட்டும் கருவி சொல்வதை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். நாட்டார் கவியை அதில் போட்டுவிட்டுத் தளை தட்டுகிறதே என்று கவலைப்படவும் வேண்டாம், பாடுகிறவர் இழுத்தும் குறுக்கியும் இராகத்துக்குள் சரிக்கட்டிவிடுவார், எழுத்தை மட்டும் பார்க்கிற கருவிக்கு அது கேட்காது.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் இதில் மாட்டிக்கொண்டு நேரம் போக்கிய ஆசிரியர்கள் பலர். நம்முடைய பாடசாலைக் கணினிகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வினாத்தாள் அடிக்கிறோம். பாமினியில் அடித்ததை அகராதியிலோ அவலோகிதத்திலோ ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், தளம் வேலை செய்யவில்லை என்று மூடிவிடுவோம். யூனிகோடுக்கு மாற்றுகிற இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, அதில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் போனில் அடியுங்கள், போனில் அடிப்பது யூனிகோடுதான்.

கொப்பி அடிப்பதற்கு வருவோம். கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. சந்தேகமான வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகிளில் தேடினால் அப்படியே எடுத்ததாக இருந்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். ஒருமுறை ஒரு போட்டியில் வெவ்வேறு பாடசாலைப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே தொடக்க வரியோடு தாள் தந்தார்கள், மூன்று பேருமே மனப்பாடம் செய்துகொண்டு வந்த வரி. விசாரித்தால் மூன்று பேருக்கும் ஆசிரியர்களே எழுதிக் கொடுத்தது, ஆசிரியர்களுக்கு ஒரே வட்ஸ்அப் குழுவில் வந்தது. அன்றிலிருந்து கொப்பி அடித்த பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. ‘இந்த வரி உனக்கு ஏன் பிடித்தது?’ என்று கேளுங்கள், அதற்குக் கீழே உன் வரி ஒன்று எழுது என்று சொல்லுங்கள், எடுத்த வரியை எழுதியவர் பெயரையும் தேடிப் போட வையுங்கள். களவு அதோடு வாசிப்பாக மாறிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க முடியாது, ஒளிக்கப் போனால் அதில் இன்னும் ருசி கூடும். ஒருநாள் நீங்களே வகுப்பில் உங்கள் போனில் கேளுங்கள். பிள்ளைகளின் போனில் வேண்டாம், இந்தச் சேவைகள் பலவற்றில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, தரம் 8இல் பாதிப் பேருக்கு இன்னும் 13 ஆகியிராது. மட்டக்களப்பு வாவி பற்றி ஒரு கவிதை எழுது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். நீலம் வந்தது, நிலா வந்தது, மீன் பாடியது, காற்றுத் தாலாட்டியது, கடைசி வரியில் நம்பிக்கை பிறந்தது. பிழை ஒன்றுமில்லை, அதுதான் அதில் பிழை. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வாவிக் கரையில் இருக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தக் கவிதைக்குத் தெரியாதது என்ன? நான் கேட்ட வகுப்பில் வந்த பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். சல்பீனியா (தண்ணியில் மிதக்கிற களை) கிடக்கிறது தெரியாது. வலை காயப்போட்ட மணம் தெரியாது. முதலை இருக்கிறது என்று அம்மா குளிக்க விடமாட்டா, அது தெரியாது. மாரியில் முகத்துவாரம் வெட்டினால் தண்ணி இறங்குகிற சத்தம் தெரியாது. அந்தப் பதில்களையே வரியாக அடுக்கச் சொன்னேன், அன்றைக்கு எழுதியதில் அதுதான் சிறந்த கவிதை. இதற்கு மேல் அந்தக் கருவிக்குக் கவிதை வகுப்பில் பெரிய வேலை எதையும் நான் கண்டதில்லை, வேறு யாராவது கண்டிருந்தால் கேட்கத் தயார்.

இப்போது அந்த ‘விரிச்சு’, ‘படுக்கிறா’ சமாச்சாரம். பேச்சு மொழி கவிதையில் வரலாமா என்று கேட்டால், நம்முடைய நாட்டுக் கவிதைக்கு அது பழைய பழக்கம். மஹாகவி என்ற பெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி, நீலாவணன் போன்றவர்கள் 50களிலும் 60களிலும் யாப்புக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘படுக்கிறார்’ என்று மாற்றினால் அம்மம்மா யாரோ ஒரு பிரமுகர் ஆகிவிடுகிறா, பையன் தன் வாயால் சொன்னது போய்விடுகிறது. ஆனால் போட்டி நடுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, சிலர் பேச்சுச் சொல் கண்டவுடன் புள்ளி வெட்டுவார்கள், உங்களிடம் மறைக்கக் கூடாது. என் வழி இதுதான்: வகுப்பில் பிள்ளை தன் மொழியில் எழுதட்டும். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும், பேச்சுச் சொல் வேண்டுமென்றே வைத்ததா, எழுத்துச் சொல் தெரியாமல் வைத்ததா என்று ஒருமுறை கேளுங்கள். தெரிந்து வைத்ததென்றால் கவிதை முழுக்க அந்தக் குரலிலேயே போகட்டும். இங்கொன்று அங்கொன்றாகக் கலந்தால்தான் பிழை மாதிரித் தெரியும். பையனின் முதல் வரியும் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரே வாய் பேசுகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான் திருத்தம்.

இதே காரணத்துக்காகப் பிழைதிருத்திகளை ஆகக் கடைசியில் வையுங்கள். நீச்சல்காரன் செய்த வாணி எழுத்துப்பிழை பார்க்கும், நாவி சந்திப்பிழை பார்க்கும். இரண்டும் நல்லவை, நான் இந்தப் பதிலையே வாணியில் போட்டுப் பார்த்தேன், வாத்திமாருக்கும் பிழை வரும். ஆனால் கவிதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திறந்தால் வட்டாரச் சொல்லெல்லாம் பிழை என்று நிற்கும், பிள்ளை பயந்துபோய்த் தன் நல்ல சொல்லை அழித்துவிடும். ர, ற, ல, ள, ழ, ந, ண, ன பிழைகளுக்கு மட்டும் அவற்றை நம்புங்கள். வாயால் சொல்லி எழுத வைக்கிற குரல் தட்டச்சும் அப்படித்தான். தட்டச்சுத் தெரியாத பிள்ளைக்கு உதவும், வட்டாரச் சொல் வந்தால் தடுமாறும்.

யூடியூபை முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. எழுதுவது எப்படி என்று சொல்லுகிற வீடியோக்களைத்தான் வேண்டாம் என்கிறேன். கவிஞர்கள் தங்கள் கவிதையைத் தாங்களே வாசிக்கிற பதிவுகள், கூத்து, வசந்தன் ஆட்டம், கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாடல்கள் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளத்திலும் ஒலி, ஒளிப் பதிவுகள் உண்டு. முதலில் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்க வையுங்கள், பிறகு படம். கண் வேலை செய்தால் காது தூங்கிவிடும்.

முகநூல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் முதலில் சுவர்ப் பத்திரிகை, அதன்பிறகு காலைக்கூட்டத்தில் வாசிப்பு, அதன்பிறகு பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு சின்னக் கோப்பு. முகநூல் கடைசி. போடுவதானால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டு, முதற்பெயர் மட்டும், படம் இல்லாமல், பாடசாலையும் ஊரும் இல்லாமல் போடுங்கள். முக்கியமாக அந்தப் பையனின் மூன்று வரியை அவனைக் கேட்காமல் எங்கும் போட வேண்டாம். எழுதினது கவிதை என்றாலும் உடைந்தது அவனுடைய வீட்டுச் சுவர், ஊரில் எல்லோருக்கும் எந்த வீடு என்று தெரியும். எனக்கு அனுப்பியதற்கும் அவனிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நான் இங்கே ஊரையோ பாடசாலையையோ குறிப்பிடாமல்தான் எழுதியிருக்கிறேன், அவன் வேண்டாம் என்றால் அந்த வரிகளையும் எடுத்துவிடுகிறேன். நீங்கள் திருத்திய தாளை அவன் இன்னும் வைத்திருந்தால், திருத்தாத பழைய மூன்று வரியையும் கேட்டு வாங்கி அவனுடைய கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.